தாயின் உறுதியும் ஊரின் கடமையும்

நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றில் உழைத்து ஈட்டிவந்த ஆடவன் மறைந்துவிட்டால், அவ்வீட்டில் முதலில் குறைவது வருவாய். அடுத்துக் குறைவது பிள்ளைகளின் படிப்பு. பதினாறாம் நாள் கருமம் முடிந்து, உறவினர் அவரவர் ஊருக்குத் திரும்பிய பின்னர், அத்தாய் தனித்திருந்து விடை காணவேண்டிய கேள்விகள் பல. கடனை எவ்வாறு அடைப்பது? நிலத்தை யார் உழுவது? மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கூலிக்கு அனுப்பிவிடலாமா? இக்கடைசிக் கேள்விக்கு ‘ஆகாது’ என்று விடை கூறி, அவ்விடையில் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் அசையாது நின்ற தாய்மார் நம் ஊர்கள்தோறும் உளர். களையெடுத்தும், நாற்று நட்டும், ஆடு வளர்த்தும், பிறர் வீட்டில் மாவிடித்தும் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் அவர்கள்.

அவர்களைப் போற்றுதல் எளிது, போற்றவும் வேண்டும். ஆயினும், போற்றுவதோடு நாம் அமைந்துவிடுவோமாயின், ஒரு தாய் தன் உடலை வருத்திச் செய்த காரியத்தை ஊர் வேடிக்கை பார்த்ததாகவே முடியும். தாயின் உறுதி பிள்ளையைப் பள்ளி வாயில் வரை கொண்டுசேர்க்கும். அப்பிள்ளை படிப்பை முடித்து வெளியே வருவதற்கு ஊரின் துணையும் வேண்டும். இவ்வுண்மையை ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் ஆராய்ந்து, தத்தம் ஊரில் செய்யத்தக்கதைச் செய்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விருதுநகரில் ஒரு தாய்

நமக்கு நன்கு அறிமுகமான ஒரு வரலாற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். அந்நாளில் விருதுபட்டி என்று வழங்கிய விருதுநகரில் 1903 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15 ஆம் நாள் காமராசர் பிறந்தார். தந்தையார் குமாரசாமி தேங்காய் வணிகம் செய்துவந்தவர். மகனுக்கு ஆறு வயது அளவில் அவர் காலமானார். தாயார் சிவகாமி அம்மையார், மகனையும் நாகம்மாள் என்னும் மகளையும் வளர்க்கும் பொறுப்பைத் தனியே ஏற்க நேர்ந்தது.

அவ்வம்மையார் செய்தது என்ன? தம் நகைகளைப் பணமாக்கி, அதனை வணிகர் ஒருவரிடம் ஒப்படைத்து, வந்த வட்டியைக் கொண்டு குடும்பத்தை நடத்தினார் என்று காமராசரின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். இச்செயலில் உள்ள அறிவை நாம் கவனித்தல் வேண்டும். கையிலிருந்த முதலை உடனே செலவிட்டிருந்தால் ஓரிரு ஆண்டுகளில் அது தீர்ந்துபோயிருக்கும். முதலைக் காத்து, அதன் பயனை மட்டும் உண்ட காரணத்தால் வீட்டில் அடுப்பு எரிந்தது. சிறுவர் காமராசரும் பள்ளிக்குச் சென்றுவந்தார்.

ஆயினும், அப்படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றுபோயிற்று. பின்னர் அவர் தாய்மாமன் நடத்திவந்த துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். தாயின் உழைப்பில் குறையில்லை, சிக்கனத்தில் குறையில்லை. இருந்தும் ஒரு வீட்டின் தனி முயற்சிக்கு ஓர் எல்லை இருந்தது. அவ்வெல்லையைத் தம் வாழ்விலேயே கண்டவர், 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தபோது, வறுமையின் காரணமாக எந்தப் பிள்ளையின் படிப்பும் நின்றுவிடலாகாது என்று பாடுபட்டதில் வியப்பில்லை.

பிடி அரிசி தந்த பாடம்

காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலையைப் பற்றியும் இங்குக் கூறுதல் பொருந்தும். அது கட்டணம் வாங்காது கல்வி தந்த பள்ளி. அப்பள்ளியைத் தாங்கியது பிடி அரிசி முறை. வீட்டுப் பெண்கள் நாள்தோறும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பர். அது வீடு வீடாகத் திரட்டப்பட்டுப் பள்ளிச் செலவுக்குப் பயன்பட்டது. கணவனை இழந்த ஒரு தாயின் மகன் கட்டணமின்றி எழுத்தறிவு பெற்றமைக்கு, முகமறியாத பல தாய்மாரின் ஒரு பிடி அரிசியே காரணமாயிற்று.

இதன் வலிமையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பிடி அரிசியை 50 கிராம் எனக் கொள்வோம். ஒரு வீட்டில் ஓராண்டுக்கு ஏறத்தாழ 18 கிலோ சேரும். 100 வீடுகள் உள்ள சிற்றூரில் அது 1,800 கிலோவாகும். எந்த வீட்டிலும் எவர் வயிறும் குறைந்திராது. ஆனால் ஊருக்கு ஒரு கல்வி நிதி உண்டாகிவிடும்.

இம்முறையின் மற்றொரு சிறப்பும் உண்டு. கொடுத்தவர் இன்னாருக்கென்று கொடுக்கவில்லை. பெற்றவர் இன்னாரிடமென்று கை நீட்டவில்லை. ஆகவே எந்தத் தாயும் தலைகுனிய நேரவில்லை. உதவி செய்ய முன்வரும் ஊரார் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

பின்னாளில் காமராசர் அரசு மேற்கொண்ட மதிய உணவுத் திட்டத்திலும் இவ்வழியே காணப்படுகிறது. 1956 ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் தொடங்கப்பெற்ற அத்திட்டத்திற்கு முதலில் ஊராரின் நன்கொடையே துணையாயிற்று. 1957 முதல் அரசின் பண உதவியும் சேர்ந்தது. உணவுச் செலவில் 100 க்கு 60 பங்கை அரசும் 40 பங்கை ஊராரும் ஏற்றனர். 1958 முதல் நடைபெற்ற பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊர் மக்கள் தம் பள்ளிக்கு வேண்டிய கட்டடம், பலகை, தளவாடம் முதலியவற்றை மனமுவந்து அளித்தனர். அரசு வழி காட்ட, ஊர் தோள் கொடுத்தபோது பள்ளிகள் வளர்ந்தன என்பது நம் மாநிலத்தின் சொந்த அனுபவமாகும்.

காசிக்கு அருகில் மற்றொரு தாய்

வடநாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டையும் காண்போம். இந்தியாவின் தலைமையமைச்சராக 1964 முதல் 1966 வரை விளங்கிய லால் பகதூர் சாஸ்திரி 1904 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் முகல்சராயில் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியராக இருந்து, பின்னர் வருவாய்த் துறையில் எழுத்தரானவர். 1906 இல், குழந்தைக்கு இரண்டு வயது நிறையுமுன்னரே, அவர் பிளேக் நோய்க்கு இரையானார். தாயார் ராம்துலாரி தேவி அப்போது இளம்பெண். மூன்றாவது குழந்தை தந்தை மறைந்த பின்னரே பிறந்தது.

அத்தாய் பிள்ளைகளோடு தம் தந்தையார் வீட்டை அடைந்தார். ஈராண்டுக்குள் அத்தந்தையாரும் மறைந்தார். ஆயினும் அவ்வீட்டார் அவர்களைக் கைவிடவில்லை. தாய்வழி உறவினருள் பள்ளி ஆசிரியராக இருந்த ஒருவர் சிறுவர் லால் பகதூரின் படிப்பில் கருத்துச் செலுத்தினார். முகல்சராயிலும் பின்னர்க் காசியிலும் பயின்ற அவர், 1921 இல் ஒத்துழையாமை இயக்கத்தின்போது பள்ளியை விட்டு நீங்கினார். எனினும் படிப்பை விட்டுவிடவில்லை. காசி வித்தியாபீடத்தில் சேர்ந்து 1925 இல் ‘சாஸ்திரி’ என்னும் பட்டம் பெற்றார். அப்பட்டமே அவர் பெயரோடு நிலைத்துவிட்டது.

இவ்விரு வரலாறுகளையும் ஒப்பிட்டால் ஒன்று புலனாகும். இரு தாய்மாரும் மனவுறுதி மிக்கவர்களே. ஆனால் பிள்ளையின் படிப்பு எவ்வளவு தூரம் சென்றது என்பதை உறுதி ஒன்றே தீர்மானிக்கவில்லை. வீட்டில் உணவு இருந்ததா, உறவினர் நிழல் கிடைத்ததா, அருகில் கட்டணமற்ற பள்ளி இருந்ததா, படிப்பைப் பற்றி அறிந்த ஒருவர் வழிகாட்டினாரா என்பனவும் சேர்ந்தே தீர்மானித்தன. இவற்றுள் எது இல்லையோ, அதனை ஊர் நிரப்பவேண்டும்.

இன்று படிப்பு எங்கே தடைப்படுகிறது?

அந்நாளைய தாய்மாருக்கு இல்லாத வசதிகள் பல இன்று உள்ளன. 1982 இல் சத்துணவுத் திட்டம் வந்தது. 2022 இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. பாடநூலும் சீருடையும் அரசுப் பள்ளியில் விலையின்றிக் கிடைக்கின்றன. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமற்ற கல்வி உரிமை என்று 2009 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆகவே சிறு பிள்ளை பசியாலும் கட்டணத்தாலும் பள்ளியை விட்டு நிற்கும் நிலை பெரிதும் நீங்கியது எனலாம்.

அங்ஙனமாயின், துணைவனை இழந்த தாயின் பிள்ளை இன்றும் நின்றுவிடுவது ஏன்? ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஆராய்வோம். மானாவாரி நிலம் ஓர் ஏக்கர். அது கணவன் பெயரில் உள்ளது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன், வெளியில் கைம்மாற்று. மூத்த பெண் ஒன்பதாம் வகுப்பு. அடுத்த மகன் ஆறாம் வகுப்பு. கடைக்குட்டி மூன்றாம் வகுப்பு. வீட்டில் இரண்டு ஆடுகள். இத்தகைய குடும்பம் நமக்குப் புதிதன்று. இக்குடும்பத்தில் படிப்பு தடைப்படத்தக்க இடங்கள் ஐந்து.

முதலாவது, சான்றுகள். கணவனின் இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் இறப்புச் சான்றிதழ் எளிதில் கிடைக்கும். துயரத்திலிருக்கும் வீட்டார் இதனைத் தவறவிடுவதுண்டு. இறப்புச் சான்று இல்லையேல் வாரிசுச் சான்று இல்லை, வாரிசுச் சான்று இல்லையேல் பட்டா மாற்றம் இல்லை, உதவித்தொகையும் தள்ளிப்போகும். ஒரு தாளின் தாமதம் ஒரு பிள்ளையின் கல்வியாண்டை விழுங்கிவிடும்.

இரண்டாவது, நிலவுரிமை. 1937 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முன், கூட்டுக் குடும்பத்தில் கணவனை இழந்தவளுக்குப் பெரும்பாலும் பிழைப்பூதியமே உரிமையாக இருந்தது. 1956 ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் இந்நிலையை மாற்றியது. உயில் எழுதாது இறந்தவனின் தனிச் சொத்தில் மனைவியும், மகனும், மகளும், தாயும் சமபங்கு உடையவர் ஆயினர். இருந்தும், ‘பெண்ணுக்கு எதற்குப் பட்டா?’ என்று கேட்டு நிலத்தைத் தம் வசப்படுத்திக்கொள்ளும் பங்காளிகள் இல்லாமலில்லை. நிலம் போனால் படிப்புக்கு இருந்த பிடிப்பும் போய்விடும்.

மூன்றாவது, கடன். தந்தை பட்ட கடனுக்கு, அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவிற்கே வாரிசுகள் பொறுப்பாவர். பிள்ளையின் உழைப்பு எக்கடனுக்கும் ஈடன்று. இதனை அறியாத தாய், கடன் கொடுத்தவரின் செங்கல் சூளைக்கோ கடைக்கோ மகனை அனுப்பிவிட நேர்கிறது. 14 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைத்தல் சட்டப்படி குற்றம் என்பதைக் கடன் கொடுத்தவரும் அறிதல் வேண்டும்.

நான்காவது, பருவம். மானாவாரிப் பகுதிகளில் ஆடி பிறந்து மழை கண்ட பின்னரே வேலை பெருகும். தை, மாசியில் அறுவடைக் கூலி கையில் புரளும். பள்ளியோ ஜூன் மாதத்தில் திறக்கிறது. அஃது வைகாசி, ஆனி. வேலை அருகிய காலம். நோட்டு, பை, மேல்வகுப்புச் சேர்க்கை, விடுதிக்கு வேண்டிய பெட்டி, படுக்கை ஆகிய செலவெல்லாம் கூலியில்லாத அம்மாதத்தில்தான் வந்து நிற்கின்றன. தாய் அப்போது வட்டிக்கு வாங்குகிறாள்; அவ்வட்டி தை மாதக் கூலியைத் தின்றுவிடுகிறது. சிறு தொகையே, ஆயினும், காலம் பொருந்தாமையால் பெருஞ்சுமையாகிறது.

ஐந்தாவது, மூத்த பெண்ணின் நிலை. தாய் வயலுக்குப் போனால் வீட்டைக் காப்பவள் அவளே. தண்ணீர் எடுத்தல், சமைத்தல், தம்பியைப் பள்ளிக்கு அனுப்புதல் யாவும் அவள் தலையில் விழும். முதலில் வாரத்தில் ஒரு நாள் பள்ளிக்குப் போகாமலிருப்பாள். பின்னர் மூன்று நாள். அதன் பின் பெயரளவில் மாணவி. ‘தகப்பனில்லாப் பெண்; காலத்தில் கரையேற்றிவிடு’ என்று உறவினர் வற்புறுத்துவர். மகனைப் படிக்கவைக்க மகளின் படிப்பை விலையாகக் கொடுத்தால், அதனைக் கல்வி வெற்றி என்று நாம் எண்ணலாகாது. 18 வயது நிரம்பாத பெண்ணுக்கு மணம் செய்தல் சட்டத்திற்கும் மாறானது. அவள் நலத்திற்கும் மாறானது.

கிடைக்கக்கூடிய உதவிகள்

இக்குடும்பத்திற்கு உதவக்கூடிய திட்டங்கள் பல உள்ளன. அவற்றை ஊராட்சி உறுப்பினர் அறிந்திருத்தல் நலம்.

ஆதரவற்ற விதவையர் ஓய்வூதியத் திட்டம் நம் மாநிலத்தில் 1975 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. மாதத் தொகை 2023 ஆம் ஆண்டு ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வட்டாட்சியர் அலுவலகம் வழியே இதனைப் பெறுதல் வேண்டும்.

தாயை மட்டுமே துணையாகக் கொண்ட பிள்ளைகளுக்கு உரிய ஓர் உதவியைப் பலர் அறியார். ‘மிஷன் வத்சல்யா’ என்னும் குழந்தை நலத் திட்டத்தின் 2022 ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, கணவனை இழந்த தாயின் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு வழங்க இடமுண்டு. ஊர்ப்புறக் குடும்பமாயின் ஆண்டு வருவாய் 72,000 ரூபாய்க்கு மேற்படாதிருத்தல் வேண்டும். விண்ணப்பத்தை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிற்கு அனுப்புதல் வேண்டும். இன்றேல், 2025 செப்டம்பரில் தொடங்கப்பெற்ற ‘அன்புக்கரங்கள்’ திட்டம், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவர் கடும் நோய் முதலியவற்றால் காக்க இயலாத நிலையிலுள்ள பிள்ளைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய் என வகுக்கப்பட்டது. எது எவருக்குப் பொருந்தும் என்று பகுத்தறிந்து விண்ணப்பித்தல் வேண்டும்.

இறந்தவர் உழவர் பாதுகாப்புத் திட்டத்திலோ, அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்திலோ பதிந்தவராயின், குடும்பத்திற்கு இறப்பு உதவியும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் பெற வழியுண்டு. ஆகவே, ஆடவர் உயிரோடிருக்கும்போதே பதிவு செய்துகொள்ளுதலும் புதுப்பித்துக்கொள்ளுதலும் அறிவுடைமையாகும்.

பள்ளிப் படிப்பு முடிந்த பின்னரும் வழி அடைபடவில்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 ஆம் வகுப்பு வரை பயின்று மேற்படிப்பில் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022 இலும், மாணவர்களுக்குரிய ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024 இலும் தொடங்கப்பெற்றன. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகையும் ஏற்பட்டுள்ளது.

திட்டத்தின் தொகையும் நிபந்தனையும் அவ்வப்போது மாறும். ஆகவே விண்ணப்பிக்குமுன் உரிய அலுவலகத்தில் கேட்டுத் தெளிதல் முறையாகும்.

ஊராட்சி செய்யத்தக்கவை

உதவிகள் இருப்பது ஒன்று. அவை உரிய வீட்டைச் சென்றடைவது மற்றொன்று. நாள் கூலியை நம்பி வாழும் தாய், ஒரு சான்றுக்காக நான்கு முறை வட்டத் தலைநகருக்கு அலைந்தால், நான்கு நாள் கூலியை இழக்கிறாள். ஐந்தாம் முறை அவள் போகமாட்டாள். அவள் சோம்பியவள் அல்லள், அவளால் இயலவில்லை. இவ்விடத்தில்தான் ஊராட்சி உறுப்பினரின் தொண்டு தேவைப்படுகிறது.

அவர் முதலில் செய்யவேண்டுவது, தம் பகுதியில் கடந்த ஐந்தாண்டுகளில் உழைப்பாளியை இழந்த குடும்பங்களைக் கணக்கெடுத்தல். ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாற்றம், ஓய்வூதியம், பிள்ளைகள் பயிலும் வகுப்பு என்று எழுதி, முடிந்ததையும் முடியாததையும் குறித்து வைத்தல் வேண்டும். ஒரு சிற்றூரில் இத்தகைய குடும்பங்கள் பத்துக்கு மேற்படா. ஒரு மாலை நேரத்தில் முடிக்கத்தக்க பணியே இது.

இரண்டாவதாக, இறப்பு நேர்ந்த வீட்டிற்குப் பதினாறாம் நாளுக்குள் ஓர் உறுப்பினர் சென்று, இறப்புப் பதிவு முடிந்ததா என்று கேட்டறிதல் வேண்டும். துக்கம் விசாரிக்கச் செல்வது நம் மரபு. அம்மரபோடு இப்பணியும் சேர்ந்தால் 21 நாள் கெடு தவறாது.

மூன்றாவதாக, பள்ளி மேலாண்மைக் குழுவையும் ஊர் அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவையும் பயன்கொள்ளுதல் வேண்டும். மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என்பது சட்டத்தின் விதி. எந்த மாணவர் தொடர்ந்து ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை என்பதை ஆசிரியரிடம் கேட்டறிந்து, அவ்வார இறுதிக்குள் வீட்டிற்குச் செல்லுதல் வேண்டும். ஒரு வாரத்தில் பிள்ளையைத் திருப்பியழைத்தல் எளிது. ஓராண்டு கழிந்த பின் அரிது. எட்டாம் வகுப்பு முடித்து ஒன்பதாம் வகுப்பிற்கு வேற்றூர் செல்லவேண்டிய பிள்ளைகளை, குறிப்பாகப் பெண்களை, ஜூன் மாதத்தில் தனியே கணக்கெடுத்தல் வேண்டும்.

நான்காவதாக, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுதல் நம் மாநிலத்தின் முறையாகும். மே முதல் நாள் கூட்டம் பள்ளி திறப்பதற்கு ஒரு மாதம் முன்னர் வருவது நல்வாய்ப்பு. இடைநின்ற பிள்ளைகளைப் பற்றி அன்று ஆராயலாம். ஆயினும் எக்குடும்பத்தின் பெயரையும் சபையில் கூறி அதன் வறுமையை விளம்புதல் ஆகாது. எண்ணிக்கையைச் சபையில் கூறி, பெயரைக் குறிப்பேட்டில் வைத்துக்கொள்க.

ஐந்தாவதாக, பள்ளித் திறப்புச் சேமிப்பு. பிடி அரிசி முறையை இக்காலத்திற்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். தை, மாசியில் அறுவடை முடிந்ததும், இயன்றவர் ஒரு மரக்கால் தானியமோ அதன் விலையோ தரலாம். மகளிர் சுயஉதவிக் குழு அதனைத் திரட்டி வங்கியில் இட்டு, ஜூன் மாதத்தில் தேவைப்படும் குடும்பங்களுக்கு வட்டியில்லாக் கைம்மாற்றாக அளித்து, அடுத்த தை மாதத்தில் திரும்பப் பெறலாம். 1989 இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிப் பரவிய சுயஉதவிக் குழுக்கள் கணக்கு வைப்பதில் பழகியவை. திருப்பித் தரும் பணமாக இருப்பதால் பெறுவோருக்கும் இழிவில்லை, நிதியும் குறையாது.

உழவர் பெருமக்களுக்கு

நிலமுடையோர் செய்யத்தக்க உதவி பணத்தால் மட்டும் ஆவதன்று. தனித்து வாழும் தாய்க்கு வேலை கொடுப்போர், பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்பட்ட பின்னர் அவள் வயலுக்கு வருமாறு அரைமணி நேரம் விட்டுக்கொடுத்தால், மூத்த பெண்ணின் படிப்பு காப்பாற்றப்படும். ஒரே வேலைக்குப் பெண் என்பதற்காகக் கூலியைக் குறைத்தல் அறமும் அன்று. சட்டமும் அதனை ஒப்பாது. கூலியை அன்றன்றே கொடுத்தல் இன்னும் நன்று; நின்றுபோன கூலி கடனை வளர்க்கும். பருத்தி எடுக்கும் காலத்திலும் கடலை பறிக்கும் காலத்திலும் ‘பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா’ என்று கூறுவது பலருக்கு வழக்கம். அவ்வழக்கத்தை விட்டொழித்தல் வேண்டும். அவளுடைய ஓர் ஏக்கரைக் குத்தகைக்கு எடுப்போர், நியாயமான குத்தகையை எழுத்தில் பதிந்து, கூடுமானால் ஒரு தவணையை ஜூன் மாதத்தில் தருதல் பெருந்துணையாகும்.

தாயும் கற்கலாம்

பிள்ளையைப் பற்றியே பேசிவந்தோம். தாயைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். இளமையிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி 1911 இல் சென்னையில் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டிலேயே தம்மைப்போன்ற இளம் விதவையர் தங்கிப் படிக்க இல்லம் ஒன்றை நிறுவினார். அவ்வில்லத்தில் பயின்றோர் பலர் ஆசிரியைகளாயினர். கணவனை இழந்தவளின் வாழ்வு பிள்ளைகளுக்காக உருகித் தீர்வதோடு முடியவேண்டும் என்பது விதியன்று என்று காட்டியவர் அவர்.

இன்றும் முப்பது வயதுக்குட்பட்ட தாய்மார் பலர் பத்தாம் வகுப்பு வரை படித்தவர்களே. மாநில அரசுப் பணிகளில் பெண்களுக்கென ஒதுக்கிய 30 விழுக்காட்டு இடங்களில் 10 விழுக்காடு ஆதரவற்ற விதவையர்க்கு உரியது. அதற்கு வேண்டிய சான்றிதழைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் பெறலாம். விட்ட படிப்பைத் தனித்தேர்வராக முடிக்க விரும்பும் தாய்க்கு, நூலகத்தில் ஓர் இடமும், மாலையில் ஒரு விளக்கும், ஊக்கும் சொல்லும் ஊர் அளிக்கலாம். எழுதப் படிக்கத் தெரிந்த தாய், பிள்ளையின் பாடத்தை மட்டுமன்றித் தன் பட்டாவையும் வங்கிக் கணக்கையும் தானே காத்துக்கொள்வாள்.

ஆராயத்தக்க வினாக்கள்

இக்கட்டுரையைப் படித்த உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தில் பின்வரும் வினாக்களுக்கு விடை காண முயல்வார்களாக.

1. நம் ஊரில் உழைப்பாளியை இழந்த குடும்பங்கள் எத்தனை? அவற்றில் பள்ளி வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர்?

2. அவர்களுள் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாற்றம் ஆகியவை முடிவடையாத குடும்பங்கள் எவை?

3. ஓய்வூதியத்திற்கும் நிதி ஆதரவிற்கும் தகுதியிருந்தும் விண்ணப்பிக்காதோர் யார்? அவர்களோடு அலுவலகம் செல்ல யார் பொறுப்பேற்பர்?

4. சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு முடித்த பெண்கள் அனைவரும் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தனரா?

5. வரும் தை மாதத்தில் பள்ளித் திறப்புச் சேமிப்பைத் தொடங்க நம் மகளிர் குழு முன்வருமா?

இவற்றுள் பெருஞ்செலவு பிடிப்பது ஒன்றுமில்லை. கணக்கெடுக்கும் பொறுமையும், உடன் நடக்கும் அன்பும், பெயரைக் காக்கும் நாணயமும் இருந்தால் போதும். சிவகாமி அம்மையாரின் மகன் ஆறாம் வகுப்போடு நின்றார். அவரைப்போன்று எத்தனையோ பிள்ளைகள் நின்றனர். அவர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்பதை எவரும் அறியார். இன்று உணவும் நூலும் சட்டமும் நம் பக்கம் உள்ளன. எஞ்சியிருப்பது, பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக் கதவை ஒருவர் சென்று தட்டுவது. அத்தாய் தன் பங்கைச் செய்துகொண்டிருக்கிறாள். நம் பங்கை நாம் செய்வோமாக.